குடல் அழற்சி நோய் ஆராய்ச்சிக்கு மதுரையில் நன்கொடை திரட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்று சொல்லி மதுரைக் கடைத்தெருவில் நடந்தால் மாலைக்குள் ஒரு தொகை சேர்ந்துவிடும். ஆராய்ச்சிக்கு என்று சொல்லி அதே தெருவில் நடந்து பாருங்கள். "யாருக்குத் தம்பி முடியல?" என்ற முதல் கேள்வியிலேயே நின்றுபோவோம். இன்னாருக்கு என்று கைகாட்ட ஆள் இல்லை, பலன் எப்போது வரும் என்று சொல்லத் தேதியும் இல்லை.

என் தங்கை மகனுக்குக் கிரோன் நோய், குடல் அழற்சி நோயில் அது ஒரு வகை. அவனோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் பழக்கமான ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து நான்கு வருடமாக இந்த வேலையைச் செய்கிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் நாளே பணம் கேட்கக் கிளம்பிவிடுகிறார்கள். யாருக்கு அனுப்புவது, எந்தக் கணக்கில் வாங்குவது, என்ன ரசீது கொடுப்பது என்பதை அப்புறம் யோசிக்கிறார்கள். கீழே இருப்பது நாங்கள் இப்போது பின்பற்றும் வரிசை. முதல் ஐந்து படிகளில் யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டோம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் கடை கடையாக ஏறிப் பேசுவார், ஒருவர் கணக்கு எழுதுவார், ஒருவர் மருத்துவர்களிடமும் ஆய்வு நிறுவனத்திடமும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வார். பணம் வாங்குகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு ரசீது காணாமல் போனால் அந்த ஆள் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது.

அறக்கட்டளைக் கணக்கு பார்த்துப் பழகிய ஓர் ஆடிட்டர், குழுவிலிருந்து பணம் எதுவும் பெறாத ஒரு குடல்நோய் மருத்துவர், இந்த இருவரின் நேரமும் தேவைப்படும். அச்சுச் செலவுக்கும் பஸ் செலவுக்கும் குழுவினர் தங்கள் கையிலிருந்தே ஒரு சிறு தொகை போட வேண்டும். நன்கொடைப் பணத்தில் டீ வாங்காத குழு என்று பெயர் எடுத்தால் இரண்டாம் வருடம் கதவு சீக்கிரம் திறக்கும்.

1. ஆராய்ச்சிக் கேள்வி ஒன்றைப் பிடியுங்கள்

"குடல் நோய் ஆராய்ச்சிக்கு" என்று பொதுவாகக் கேட்டால் கேட்கிறவர் மனதில் ஒன்றும் நிற்காது. எந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆய்வு என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

எங்கள் கேள்வி எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. என் மருமகனுக்கு முதல் ஆறு மாதம் காசநோய் மாத்திரைதான் கொடுத்தார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. குடல் காசநோயும் கிரோன் நோயும் பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தில்தான் வருகின்றன. கொலனோஸ்கோப்பியில், அதாவது கேமராக் குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்த்தால், புண் ஒரே மாதிரி இருக்கும். சதை எடுத்துச் சோதித்தாலும் பல நேரம் தெளிவாகப் பிரியாது. வைத்தியமோ நேர் எதிர். காசநோய் இருப்பவருக்குக் கிரோன் நோய்க்கான எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் காசநோய் பரவும். கிரோன் நோயாளிக்குக் காசநோய் மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்குள் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டுக்கு இது பெரிய கேள்வி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லி எய்ம்ஸிலும் இதைப் பற்றிப் பல வருடமாக ஆய்வு செய்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

இதை நாங்கள் கடையில் சொல்வது இப்படி: "இரண்டு நோய், பார்க்க ஒரே மாதிரி, மருந்து வேறு வேறு. எது எதுவென்று சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை வேண்டும்." இவ்வளவு போதும். உங்கள் குழுவுக்கு வேறு கேள்வி இருக்கலாம்: குழந்தைகளுக்கு வரும் நோய், நம் சாப்பாட்டுக்கும் நோய் கிளம்புவதற்கும் உள்ள தொடர்பு, விலை குறைந்த மருந்தின் பலன். ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள்.

2. பணம் போய்ச் சேரும் இடத்தை எழுத்தில் வாங்குங்கள்

கேள்வி முடிவானதும் அந்தக் கேள்வியில் வேலை செய்யும் ஆய்வாளரையும் அவருடைய நிறுவனத்தையும் தேடுங்கள். மருத்துவக் கல்லூரி, ஆராய்ச்சி மையம், மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவு என எதுவாகவும் இருக்கலாம். மதுரைப் பணம் மதுரையிலேயே செலவாக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வேலை நடக்கிற இடத்துக்குத்தான் பணம் போக வேண்டும்.

நிறுவனத்திடம் கடிதமாகக் கேட்க வேண்டியவை இவை. ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? நோயாளிகளிடம் மருந்தையோ சிகிச்சையையோ சோதிக்கும் ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன? நாங்கள் தரும் தொகை இந்த ஆய்வுக்கென்று தனித் தலைப்பில் வைக்கப்படுமா? நிர்வாகச் செலவு என்று எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள்? ஆய்வு பாதியில் நின்றால் மிச்சப் பணம் என்ன ஆகும்? செலவானபின் பயன்பாட்டுச் சான்றிதழ் தருவீர்களா?

கடைசி இரண்டு கேள்விகளைக் கேட்கப் புதியவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. பெரிய டாக்டரிடம் போய்ப் பணம் என்ன ஆகும் என்று எப்படிக் கேட்பது என்கிறார்கள். ஒழுங்கான ஆய்வாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அரசு நிதி வாங்கினாலும் இதே கேள்விகளுக்கு அவர் பதில் எழுதியாக வேண்டும்.

எங்களுக்கு ஒரு முறை இதில் அடி விழுந்தது. வாய்வார்த்தையை நம்பி ஒரு நிறுவனத்துக்குத் தொகையை அனுப்பிவிட்டோம். அது பொதுக் கணக்கில் போய்க் கலந்துவிட்டது. கட்டட வேலைக்குப் போனதா, ஆய்வுக்குப் போனதா என்று இன்றுவரை எங்களால் நன்கொடையாளர்களுக்குச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு கடிதம் கைக்கு வராமல் நாங்கள் அடுத்த படிக்குப் போவதே இல்லை.

3. யார் பெயரில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வழி உண்டு. ஒன்று, நீங்களே அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்வது. சங்கம் என்றால் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகும். அப்புறம் பான் எண், வருமான வரித் துறையில் அமைப்பின் வரிவிலக்குக்கான 12ஏ பதிவு, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி, வருடா வருடம் தணிக்கை, வரிக் கணக்குத் தாக்கல் எல்லாம் உண்டு. இரண்டாவது, 80ஜி அனுமதி ஏற்கெனவே உள்ள ஆய்வு நிறுவனத்தின் கணக்குக்கே நன்கொடையாளர்கள் நேரடியாக அனுப்புவது. நீங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறவர்கள் மட்டுமே.

முதல் இரண்டு வருடம் இரண்டாவது வழியில் போங்கள் என்பதுதான் என் கருத்து. அறக்கட்டளை தொடங்குவது உற்சாகமாக இருக்கும். பெயர் யோசிப்போம், முத்திரை செய்வோம், லெட்டர்பேட் அடிப்போம். ஆறு மாதம் அதிலேயே போய்விடும். பத்திரத்தில் யார் தலைவர், யார் செயலாளர் என்ற பேச்சில் இரண்டு குடும்பம் முகம் பார்க்காமல் ஆனதையும் பார்த்திருக்கிறேன்.

வரிச்சலுகையைப் பற்றி அளந்து பேசுங்கள். சாதாரணமாக 80ஜி அனுமதி உள்ள அறக்கட்டளைக்குத் தரும் தொகையில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு கிடையாது. அரிசி, துணி என்று பொருளாகத் தந்தாலும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. "கொடுத்தது முழுக்க வரியில் கழியும் அண்ணே" என்று சொல்லி வாங்கிவிட்டால், ஜூலையில் அவருடைய ஆடிட்டர் உண்மையைச் சொல்லும்போது நம் பெயர் கெடும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. நோட்டீஸில் எண்ணை அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

4. கியூஆர் அட்டை, ரசீதுப் புத்தகம், நோட்டு

முதல் வருடம் எங்களோடு இருந்த ஒரு தம்பி தன் சொந்தக் கணக்கின் கியூஆரை அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். மொத்தமாக வாங்கி அப்புறம் அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடைக்காரர் போனை எடுத்து ஸ்கேன் செய்தார். திரையில் தம்பியின் பெயர் வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. கட்டைவிரல் மட்டும் இரண்டு நொடி அந்தரத்தில் நின்றது. ஐயாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தவர் நூறு ரூபாய் போட்டுவிட்டு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

தவறு கடைக்காரர்மேல் இல்லை. கியூஆரை ஸ்கேன் செய்தால் வரும் பெயர் நிறுவனத்தின் பெயராக இருக்க வேண்டும். உங்கள் போனிலும் இன்னும் இரண்டு போனிலும் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துவிட்டு அட்டையை அச்சடியுங்கள்.

யுபிஐயில் இன்னொரு சிக்கல் உண்டு. பணம் வந்துவிடும், ஆனால் அனுப்பியவரின் முகவரியும் பான் எண்ணும் வராது. நன்கொடை பெறும் நிறுவனம் வருடக் கடைசியில் யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்று பான் அல்லது ஆதார் போன்ற அடையாள எண்ணோடு வரித் துறைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். பெயர் முகவரி இல்லாத நன்கொடை குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்ந்தால் அறக்கட்டளை அதற்கு 30 சதவீதம் வரி கட்ட நேரும். அதனால் கடைவாசலில் நிற்கும்போதே நோட்டில் எழுதிவிடுங்கள்: பெயர், ஊர், முகவரி, பான், தொகை, பணம் வந்த யுபிஐ எண்ணின் கடைசி நான்கு இலக்கம். மொய் நோட்டு எழுதிப் பழகிய கை நம் பக்கத்தில் நிறைய உண்டு. அப்படி ஒருவரைப் பிடித்தால் ஊர்ப் பெயரும் இனிஷியலும் தப்பாது. உண்டியல் வைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். அதில் விழும் பணத்துக்குப் பெயர் இல்லை.

ரசீதுப் புத்தகம் நிறுவனம் கொடுத்ததாக, வரிசை எண்ணோடு இருக்க வேண்டும். கிழிந்து கெட்டுப்போன ரசீதையும் தூக்கிப் போடாமல் "ரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே ஒட்டி வையுங்கள்.

5. தொகையை நாளாக உடையுங்கள்

"இலக்கு பத்து லட்சம்" என்று நோட்டீஸ் அடிப்பது வழக்கம். ஐநூறு தர நினைத்தவர் அந்தத் தொகையைப் பார்த்தால் தன் காசு எந்த மூலைக்கு என்று நினைப்பார். நாங்கள் வேறு விதமாகச் செய்தோம், இதுவரை செய்ததில் அதுதான் நன்றாக நின்றது.

ஆய்வில் எதற்குப் பணம் வேண்டும் என்று ஆய்வாளரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு புது மருந்தையே கண்டுபிடிக்கும் செலவு எந்த ஊர்க் குழுவாலும் தாங்க முடியாதது. ஆனால் ஓர் இளநிலை ஆய்வாளரின் ஒரு வருடச் சம்பளத்தை ஓர் ஊரால் தாங்க முடியும். மத்திய அரசு நிதியில் வேலை பார்க்கும் இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். வருடத்துக்கு 4,44,000. வாடகைப்படி ஊரைப் பொறுத்துத் தனி. அதையும் சேர்த்து நாளுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தோம். 365 நாளுக்கு 5,47,500.

அப்புறம் ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டோம். ஒரு கட்டம் ஒரு நாள், ஒரு நாள் 1,500 ரூபாய். மதுரையில் பிறந்தநாளுக்கும் அப்பா அம்மா திதிக்கும் இல்லங்களுக்குப் போய் ஒருவேளைச் சாப்பாடு போடுவது பலருக்கும் பழக்கம். அதே மனதோடு அந்த நாளை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அன்றைக்கு ஒருவர் இந்த நோய்க்காக வேலை செய்வார், அந்த நாள் உங்கள் அப்பா பெயரில். அண்ணா நகரில் ஒரு வயதான அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆவணி மாதக் கட்டத்தைத் தேடி, விரலை வைத்து, "இது அவரு போன நாள்" என்றார். கட்டத்துக்குள் கணவரின் பெயரை அவரே எழுதினார். அந்தத் தாள் இன்னும் எங்களிடம் இருக்கிறது. 1,500 என்பது 2,000-க்குள் இருப்பதால் ரொக்கமாகத் தருகிறவருக்கும் வரிக் கழிவு போகாது.

சம்பளம் தவிர வேறு செலவையும் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் அளவாக்கலாம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளந்து குடலில் அழற்சி எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஆய்வகத்தில் அதற்கு 96 சிறு குழிகள் கொண்ட தட்டு பயன்படுகிறது. அளவுகோலுக்காக விடும் குழிகள் போக, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை சோதித்தால் ஒரு தட்டில் சுமார் நாற்பது பேருடைய மாதிரியைப் பார்க்கலாம். ஒரு தட்டின் விலையை ஆய்வாளரிடம் கேட்டு நாற்பதால் வகுத்துச் சொல்லுங்கள்.

6. நோயை என்ன பெயரில் சொல்வது

நோட்டீஸில் "குடல் அழற்சி நோய்" என்று போட்டோம். படித்தவர்களில் பாதிப் பேர் குடல்வால் என்று நினைத்தார்கள். ரத்தம் போகும் என்றதும் மூலம் என்றார்கள். புண் என்றதும் "எனக்கும் அல்சர் இருக்கு தம்பி" என்று ஆரம்பித்தார்கள். அடிக்கடி வயிற்றைக் கலக்கும் ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சின்ட்ரோம்) என்ற கோளாறும் வேறு. அதில் குடலில் புண்ணோ அழற்சியோ இராது. இவற்றையெல்லாம் ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கினால் ஒரு நாளைக்கு ஆறு கடைதான் ஏற முடியும்.

அதனால் இந்த நான்கைந்து வரியை மனப்பாடமாக வைத்திருக்கிறோம்: "உடம்பின் எதிர்ப்புசக்தி சொந்தக் குடலையே புண்ணாக்கும் நோய். தொற்றாது. கிளம்பினால் ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பத்து தடவைகூட ஓட வேண்டியிருக்கும். பெரும்பாலும் படிக்கிற வயதில், வேலைக்குப் போகிற வயதில் ஆரம்பிக்கும். மருந்தால் அடக்கி வைக்கலாம், ஆனால் அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை." பெருங்குடலில் மட்டும் வரக்கூடியது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது கிரோன் நோய் என்பதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

"பரோட்டா சாப்பிட்டு வந்ததா, காரத்தால் வந்ததா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடாதீர்கள். பரம்பரை, எதிர்ப்புசக்தி, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்து வருவது என்பது வரைதான் தெரியும். எந்தக் கண்ணி முதலில் அறுகிறது என்பதற்குத்தான் ஆராய்ச்சி. சாப்பாட்டின்மேல் பழியைப் போட்டால், "வாயைக் கட்டத் தெரியாத பையன்" என்ற பேச்சு நோயாளியின் தலையில் விழும்.

நோயாளியின் படத்தை நோட்டீஸில் போடாதீர்கள். பணம் அதிகம் வரும் என்பது உண்மைதான். ஆனால் கல்யாண வயதில் ஒரு பெண்ணின் படம் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அதைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது. தானே முன்வந்து பேசுகிறவர்கள் பேசட்டும். அவர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று: "முற்றிலும் குணமாக்கும்" பொடியோ கஷாயமோ விற்கிறவர்கள் உங்கள் நோட்டீஸுக்கு விளம்பரம் தர முன்வருவார்கள். அச்சுக்கூலி மிச்சம் என்று பார்த்து ஒப்புக்கொண்டால், அதை நம்பி மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

7. எப்போது, யாரிடம்

உலகக் குடல் அழற்சி நோய் நாள் மே 19. அன்றைக்குத்தான் கேட்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் ஊரில் அது சரியான நேரம் இல்லை. பங்குனி, சித்திரையில் கிராமங்களில் திருவிழா, தலைக்கட்டு வரி கட்டியிருப்பார்கள். நகரில் சித்திரைத் திருவிழா முடிந்து கை காலியாக இருக்கும். அடுத்து வைகாசி முகூர்த்தம், ஜூனில் பள்ளிக் கட்டணம். மே 19-ஐ விளக்கக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்கத் தை பிறந்து மார்ச் வரை நல்ல காலம். அறுவடைப் பணம் புழங்கும், நிதியாண்டு முடிவதால் வரி கட்டுகிறவர்களும் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

நேரமும் முக்கியம். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் காலையில் லாரி நிற்கும்போது போனால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், மூன்று மணிக்கு மேல் போங்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலை வியாபாரம் முடிந்து கணக்குப் பார்த்த பிறகு. ஜவுளிக் கடைகளுக்கு ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் போகவே வேண்டாம்.

முதல் பட்டியலில் தெரியாதவர்களை எழுதாதீர்கள். நோயாளிக் குடும்பங்களின் சொந்தக்காரர்கள், அவர்களுடைய வேலை இடம், மருந்துக் கடைக்காரர்கள், படித்த பள்ளி கல்லூரியின் பழைய மாணவர்கள் என்று தொடங்குங்கள். முதல் முப்பது கட்டம் நிரம்பிய தாளோடு போனால்தான் தெரியாத கடையில் மதிப்பு. காலித் தாளைக் காட்டினால் முதல் ஆளாக யாரும் எழுத மாட்டார்கள்.

8. கடையில் எப்படிக் கேட்பது

இரண்டு பேராகப் போங்கள். "யாருக்கு முடியல?" என்ற கேள்விக்கு "யாருக்கும் இல்லை, ஆராய்ச்சிக்கு" என்று சொல்லி நாங்கள் பல கடைகளை இழந்தோம். இப்போது இப்படிச் சொல்கிறோம்: "எங்க வீட்டுப் பையனுக்கு இருக்கு அண்ணாச்சி. அவனுக்கு மருந்து நாங்க பார்த்துக்கிறோம். அடுத்து வர்ற பிள்ளைக்கு ஆறு மாசம் வீணாகக் கூடாதுன்னு கேக்குறோம்." உண்மையும் அதுதான். அவர் மனதில் ஒரு பையன் வந்துவிடுகிறான், ஆனால் பணம் அவனுக்கு இல்லை என்பதும் தெளிவாகிவிடுகிறது. இந்தத் தெளிவு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு "அந்தப் பையன் எப்படி இருக்கான், நம்ம பணத்துல ஆபரேஷன் ஆச்சா?" என்பார்.

தொகையை நீங்களே சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். புதியவர்கள் 1,500 என்று சொன்ன அடுத்த நொடி, "இல்லைன்னா உங்களால முடிஞ்சது" என்று தாங்களே குறைத்துவிடுகிறார்கள். அவர் யோசிக்கட்டும். முடியாது என்றால் நோட்டீஸை மட்டும் கொடுத்துவிட்டுச் சிரித்த முகமாக இறங்கிவிடுங்கள். இரண்டாம் முறை வற்புறுத்த வேண்டாம்.

மொய் நோட்டு எழுதுவதைப் பற்றி மேலே சொன்னேன். ஆனால் இது மொய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலர் பழக்கத்தில் "உங்க வீட்டு விசேஷத்துக்குச் செய்யுறேன், எங்க வீட்டுக்கு வந்து செய்யுங்க" என்று கணக்கு வைப்பார்கள். நிறுவனத்தின் ரசீதைக் கையில் கொடுத்து, பணம் எங்களுக்கு வரவில்லை, அங்கே போகிறது என்று பெயரைத் தொட்டுக் காட்டுங்கள்.

9. நிகழ்ச்சி நடத்துவதென்றால்

முதல் வருடம் வேண்டாம். நடைப்பயணம், கபடிப் போட்டி, இன்னிசை எதுவானாலும் பந்தல், மைக், பனியன், ஃபிளெக்ஸ் என்று செலவு வரவைத் தின்றுவிடும். சாலையில் நடப்பதற்குக் காவல்துறை அனுமதியும் ஃபிளெக்ஸ் வைக்க மாநகராட்சி அனுமதியும் தேவை. கூப்பன் விற்றுக் குலுக்கலில் பரிசு கொடுக்கும் யோசனையை யாராவது கட்டாயம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நடத்தியே தீருவது என்றால் இடத்தைக் கழிவறையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். சுத்தமாக, தண்ணீரோடு, மேடையிலிருந்து இரண்டு நிமிட நடையில் இருக்க வேண்டும். எங்கள் முதல் கூட்டத்துக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். மண்டபத்துக் கழிவறை பூட்டியிருந்தது, சாவி வாட்ச்மேனிடம். இந்த நோய்க்காகக் கூட்டம் போட்டுவிட்டு அந்த ஒரு கதவைத் திறந்து வைக்க மறந்திருந்தோம். இப்போது முந்தின நாளே ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பேச வரும் ஆய்வாளரிடம் இருபது நிமிடம், தமிழில், கொலனோஸ்கோப்பிப் படங்கள் இல்லாமல் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

10. வெளிநாட்டுப் பணமும் கம்பெனிப் பணமும்

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அதே ஆள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டப்படி பதிவு உள்ள நிறுவனம் தில்லியில் அதற்கென உள்ள ஸ்டேட் வங்கிக் கணக்கில் மட்டுமே வாங்கலாம். மாமா பையன்தானே என்று உள்ளூர்க் கணக்குக்கு வாங்கினால் நிறுவனத்துக்கே வில்லங்கம்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு, பெறுகிற அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் குழுவுக்கு அது இராது. நிறுவனத்தையும் கம்பெனியையும் அறிமுகம் செய்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

11. வாரக் கணக்கும் தவணையும்

ஞாயிற்றுக்கிழமை தோறும் நோட்டு, ரசீது அடிக்கட்டை, வங்கிக் கணக்கு மூன்றையும் ஒன்றாக வைத்துச் சரிபாருங்கள். மாதக் கடைசி வரை விட்டால் "எஸ். குமார், 1,500" என்ற பெயரில் மூன்று பேர் நிற்பார்கள். ரொக்கம் இருந்தால் அடுத்த வேலை நாளே வங்கியில் கட்டிவிட வேண்டும்.

உங்கள் சொந்த அறக்கட்டளை வழியாகப் போகிறீர்கள் என்றால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டாம். பாதியை முதலில் அனுப்பி, செலவுக் கணக்கும் ஆறு மாத அறிக்கையும் வந்தபின் மீதியை அனுப்புங்கள். ஆய்வாளர் வேலையை விட்டுப் போவது, நோயாளிகள் எதிர்பார்த்த எண்ணிக்கையில் சேராதது எல்லாம் நடக்கும்.

12. திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

நன்கொடை விவரங்களை நிறுவனம் மே 31-க்குள் வரித் துறைக்குத் தாக்கல் செய்து நன்கொடையாளருக்குச் சான்றிதழ் தர வேண்டும் என்பது இதுவரையிலான நடைமுறை. பழைய சட்டத்தில் இவை 10பிடி, 10பிஇ படிவங்கள். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பான் எண்ணில் ஓர் எழுத்துத் தப்பினாலும் சான்றிதழ் கணக்கில் ஏறாது. ஏப்ரலிலேயே பட்டியலைச் சரிபார்த்து நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

அதோடு ஆய்வாளரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள், தமிழில். எத்தனை பேர் ஆய்வில் சேர்ந்தார்கள், எத்தனை மாதிரி சோதித்தார்கள், என்ன தெரிந்தது, எது எதிர்பார்த்தபடி வரவில்லை. சோதித்த முறை பலன் தரவில்லை என்றாலும் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். வியாபாரிகளுக்கு இது புரியும். எங்கள் இரண்டாம் வருடக் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஒருவர்கூட அதற்காகக் கோபப்படவில்லை.

சான்றிதழையும் கடிதத்தையும் ஒரு கவரில் போட்டு, நாள் எடுத்துக்கொண்ட ஒவ்வொருவரிடமும் நேரில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்காமலே போய்விடும். அன்றைக்கு ரசீதுப் புத்தகத்தையும் புதுத் தாளையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கையில் புத்தகத்தைப் பார்த்தால் கவரைப் பிரிக்காமலே கல்லாவைத் திறப்பார். புத்தகம் இல்லை என்றால் உட்காரச் சொல்லி, கடிதத்தைப் படித்துவிட்டு, "சரி, அந்த நாற்பது பேருக்கு என்னாச்சு?" என்று கேட்பார்.